மாணவர் தொண்டும் கொசு ஒழிப்பும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே இருந்தது. அடுத்துள்ள விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை அமைந்தது. ஆனால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு எல்லை கிடையாது.

இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் உள்ளன. பால் சேகரிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் அங்கே கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் சேரும் மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஏழு நாள் முகாம் பயனுள்ளதே. எனினும், முகாம் கலைந்த சில நாட்களிலேயே கொசு மீண்டும் பெருகிவிடும். அந்த 240 மணியைப் பங்கிட்டால் வாரத்திற்கு இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் கிடைக்கும். கொசுவின் வளர்ச்சியை இடைமறிக்க அதுவே ஏற்ற கால அளவு.

பணி கல்லூரி வளாகத்திலிருந்தே தொடங்கட்டும். விடுதித் தொட்டி, மொட்டைமாடி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரந்தோறும் அகற்ற வேண்டும். உலர்ந்த முட்டைகளும் பல மாதம் உயிருடன் இருக்குமாதலால், தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. பின்னர், பால் வடிக்காத நாட்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்குமாறு தோட்டத் தொழிலாளரிடம் எடுத்துரைக்கலாம். இரு மாநிலக் கல்லூரிகளும் இதற்கென ஒரே கிழமையைத் தேர்ந்துகொண்டால், ஒரு புறத்து உழைப்பு மறுபுறத்தால் வீணாகாது.