பார்கின்சன்: மணி தவறக்கூடாத மாத்திரை

வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ இருக்காங்களா? ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுத்து நாலு வரி எழுதச் சொல்லுங்க. முதல் வார்த்தையில் பெரிதாகத் தொடங்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகு மாதிரி சுருங்கிப் போகிறதா? பத்து வருடத்துக்கு முன்பு பாஸ்புக்கில் போட்ட கையெழுத்தோடு வைத்துப் பாருங்கள். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் ரிட்டயர் ஆன பிறகு வீடு கட்டிக் குடிவந்தவர்கள் நிறைய. "கையெழுத்து ஒத்துப்போகல சார், இன்னொரு தடவை போடுங்க" என்று வங்கி கவுன்ட்டரில் சொல்வதுதான், இவர்களில் சிலருக்குப் பார்கின்சன் நோயின் முதல் தகவலாக அமைந்துவிடுகிறது.

அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது. ஆனால் அதோடு, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கிறது, சட்டைப் பொத்தான் போட ரொம்ப நேரம் ஆகிறது, சும்மா மடியில் வைத்திருக்கும்போது கை நடுங்குகிறது, குரல் தணிந்துவிட்டது என்றால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். மலச்சிக்கலும், வாசனை தெரியாமல் போவதும் சிலருக்குப் பல வருடம் முன்பே வந்திருக்கும். நடுக்கமே இல்லாத பார்கின்சனும் உண்டு. அப்படிப்பட்டவர்களைத் தோள்வலி, முட்டிவலி என்று எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைவார்கள்.

இது என்ன நோய்? மூளையின் அடிப்பகுதியில், அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. பெரும்பகுதி அழிந்த பிறகுதான் வெளியில் அறிகுறி தெரியும். 1817-ல் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஐத்தான் உலகப் பார்கின்சன் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். நம் ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். நோயை வேரோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால் இருக்கிற மாத்திரையைச் சரியாகப் போட்டால் பல வருடம் நடமாட்டத்தோடு வாழலாம். அந்த "சரியாக" என்பதில்தான் பல வீடுகளில் கோட்டை விடுகிறோம்.

முதலில் பழைய மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன்பு, அவர் ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்க. காரணம் இருக்கிறது. டோபமைனைத் தடுக்கும் சில மருந்துகள், பார்கின்சன் போலவே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், மனநலச் சிகிச்சையில் வரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆகியவை இந்த வகை. நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது லெவோசல்பிரைடு. கேஸ் மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதில் பான்டோபிரசோல், ராபெபிரசோலோடு இது சேர்ந்திருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். இந்த மருந்துகளால் வந்த நடுக்கம் என்றால், டாக்டர் அதை நிறுத்தினாலே பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடும். மனநல மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

பார்கின்சன் உறுதியான பிறகும் இந்தப் பட்டியல் வேண்டும். வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, வாந்திக்கு ஊசி போடும் முன்பு, "இவருக்குப் பார்கின்சன் இருக்கு" என்று நர்ஸிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சேப்பாக்கத்தில் கிடைத்த பொருள்

சிகிச்சையின் முதுகெலும்பு லெவோடோபா. டோபமைனை அப்படியே கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். இதில் நமக்குப் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில், சேப்பாக்கத்தில், தாமோதரன், இராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். இது பார்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1961-ல் வியன்னாவில் நோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அளவைப் படிப்படியாகக் கூட்டி வாய்வழியாகக் கொடுத்து நல்ல பலன் கண்ட பிறகுதான் அது முறையான மருந்தானது.

"அப்போ நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுக்கலாமே?" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். பொடிக்குப் பொடி லெவோடோபாவின் அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதையும் சேர்த்தால் அளவு எகிறி, உடம்பு தானாக நெளிவது, இல்லாத ஆள் இருப்பது போலத் தெரிவது என்று ஆரம்பிக்கும். சாப்பிடுவதானால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபாவும் இருக்கும். மூளைக்குப் போகும் முன்பே ரத்தத்தில் மருந்து மாறிவிடாமல் காப்பதும், வாந்தியைக் குறைப்பதும் அதன் வேலை. அட்டையில் 110 என்றிருந்தால் 100 மில்லிகிராம் லெவோடோபா, 10 கார்பிடோபா. 125 என்றால் லெவோடோபா அதே 100, கார்பிடோபா 25. 275 என்றால் 250-ம் 25-ம். ஆக 110-க்குப் பதில் 125 கொடுத்தால் "கொஞ்சம் பவர் ஜாஸ்தி" என்பது தப்புக் கணக்கு. கடைக்காரர் நம்பரை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை இடித்துப் பொடியாக்கிக் கொடுக்கக் கூடாது.

சரி, மணிக்கு வருவோம். லெவோடோபா ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்காது. ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் ஆரம்பத்தில், மிச்சமிருக்கும் செல்கள் சேமித்து வைத்துச் சமாளிக்கும். வருடங்கள் போகப்போக அந்தச் சேமிப்பு குறைந்து, அடுத்த மாத்திரைக்கு முன்பே உடம்பு பூட்டிக்கொள்ளும். எட்டு மணி மாத்திரையை ஒன்பதரைக்குக் கொடுத்துவிட்டு, "ஏம்பா எழுந்திரிக்க மாட்டேங்கிற" என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. போனில் ஒவ்வொரு வேளைக்கும் தனி அலாரம் வையுங்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகள், ரயிலில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஒரு போன் பண்ணுங்க.

இன்னொன்று சாப்பாடு. புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதற்கும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதற்கும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. இட்லியில் உளுந்து, பொங்கலில் பாசிப்பருப்பு, காபியில் பால் என்று நம் காலைச் சாப்பாடே புரதம் கலந்ததுதான். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் மாத்திரை. குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, உடம்பு இளைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்.

மற்ற மருந்துகளும் உண்டு. நடுக்கத்துக்கான டிரைஹெக்சிபெனிடில், வயதானவர்களுக்கு ஞாபகக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் தரலாம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் பற்றி ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளை இவை கிளப்பிவிடும். வாழ்நாளெல்லாம் சிக்கனமாக இருந்தவர் திடீரென்று பணம் வைத்து ரம்மி ஆடுகிறார், ராத்திரி உட்கார்ந்து ஆன்லைனில் பொருள் வாங்கித் தள்ளுகிறார் என்றால், "இந்த வயசில் இவருக்கு என்ன கேடு" என்று திட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அவராக வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்.

எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாத்திரை தீர்ந்துபோச்சு, திங்கட்கிழமை வாங்கிக்கலாம் என்று ரெண்டு நாள் தள்ளினால், கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஆனால் 108-ஐ அழையுங்கள். ஒரு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கூடுவாஞ்சேரியிலிருந்து எங்கே போவது?

நந்திவரத்திலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து மேல்சிகிச்சைக்குப் போகலாம். மின்சார ரயிலில் ஒரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இன்னொரு பக்கம் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையம். போகும்போது, மாத்திரைக்கு முன்பு நடப்பதையும், போட்டு ஒரு மணி நேரம் கழித்து நடப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் பார்க்கிற ஐந்து நிமிடத்தில் தெரியாதது அதில் தெரியும். நடக்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். சந்தேகத்துக்கு 104.

லெவோடோபா கார்பிடோபா தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஃபார்மா சஹி தாம் செயலியில் பார்க்கலாம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்கின்சனும் ஒன்று என்பது பலருக்குத் தெரியவில்லை. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவர் சோதித்துச் சான்று அளித்தால் தனித்துவ அடையாள அட்டை கிடைக்கும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகையிலும் பார்கின்சன் நோயாளிகளுக்கு இடமுண்டு, மாதம் 2,000 ரூபாய். செங்கல்பட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன செய்வது? மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் வங்கிக்குக் கூட்டிப்போய், புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்யுங்கள். போடவே முடியாத நிலை வந்தால், வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர் என்றால் வீட்டுக்கே வரும் வங்கிச் சேவையைக் கேளுங்கள். பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்றுக்கு ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டினால் போதும். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார வையுங்க, போனை நீங்க பிடிச்சுக்குங்க. பார்கின்சனில் கண் இமைப்பது குறையும். செயலி இமைக்கச் சொல்லும்போது பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், இரண்டாவது மூன்றாவது தடவையில் எடுத்துக்கொள்ளும்.