பெருங்கதையில் யாழும் பொறியானையும்

மாய ஆற்றல் வாய்ந்த இளவரசன் ஒருவன் பகைவரால் தேடப்பெறும் கதைகளை மேலைநாட்டு நாவல்களில் நம் மாணவர் விரும்பிப் படிக்கின்றனர். அத்தகைய கதையொன்று கொங்கு நாட்டிலேயே இயற்றப்பெற்றது என்பதை அவருள் பலர் அறியார். வெண்ணந்தூரிலிருந்து மேற்கே சென்று, காவிரியையும் ஈரோட்டையும் கடந்தால் விசயமங்கலத்தை அடையலாம். அவ்வூரினர் எனப் போற்றப்பெறும் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம்.

குணாட்டியர் பைசாச மொழியில் செய்த பிருகத்கதை இதன் மூலம்; அது மறைந்துபோயிற்று. தமிழ் நூலும் முழுமையாகக் கிடைத்திலது. உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தது முதலும் இறுதியும் இல்லாத நூலையே. உதயணனின் இளமையை உதயணகுமார காவியத்தின் துணைகொண்டே நாம் அறிகிறோம்.

கோசாம்பி மன்னன் சதானிகனின் தேவி மிருகாபதி. கருவுற்றிருந்த அவள் மேல்மாடத்தில் செந்நிற ஆடை போர்த்துத் துயின்றபோது, பறவையொன்று அவளை ஊன் எனக் கருதித் தூக்கிச் சென்று விபுலமலையில் இட்டது. அங்கே பிறந்தவன் உதயணன். முனிவர் ஒருவரிடம் அவன் கோடபதி என்னும் யாழைப் பெற்றான். அதன் இசைக்கு மதயானையும் பணியும். அவனது மாயம் குருதிவழி வந்ததன்று. கற்றுப் பெற்ற கலை என்பது நோக்கத்தக்கது.

உஞ்சை மன்னன் பிரச்சோதனன் அவனைப் பிடிக்கக் கருதினான். படையால் வெல்வது அரிது. எனவே அவனது யானை வேட்கையையே வலையாக்கினான். தன்னை நீங்கிய தெய்வ யானையைத் தேடித் திரிந்த உதயணன் முன், வீரர் ஒளிந்திருந்த பொறியானை ஒன்று நின்றது. அவன் யாழை மீட்டினான். மரத்துக்குச் செவியேது? கிரேக்கரின் மரக்குதிரை சிலருக்கு நினைவுக்கு வரலாம். அங்கே ஏமாந்தது ஒரு நகரம்; இங்கோ தன் கலையில் ஐயமே கொள்ளாத ஓர் இளைஞன். நம் கருத்தில் இதுவே மேலும் இரங்கத்தக்கது.

இன்று கிடைக்கும் நூல் தொடங்கும்போது அவன் முன்பே சிறைப்பட்டுவிட்டான். அமைச்சன் யூகி, தான் இறந்ததாகச் செய்தி பரப்பிவிட்டு மாறுவேடத்தில் உஞ்சை புகுந்து, நளகிரி என்னும் அரச யானைக்கு வெறியூட்டினான். நகரமே நடுங்கிற்று. அதை அடக்கவல்லவன் சிறையில் இருந்தவன் ஒருவனே! பிரச்சோதனன் தானே அவனை வெளிக்கொணர நேர்ந்தது. இசை நளகிரியைப் பணிவித்தது; மன்னன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கும் ஆசிரியனாகவும் அவனை ஆக்கிற்று.

இருவரும் பத்திராபதி என்னும் பிடியின்மேல் ஏறி உஞ்சையை நீங்கினர். அப்பிடி வழியிலேயே வீழ்ந்து உயிர்விட்டது. கோடபதியும் அப்பயணத்தில் அவன் கைவிட்டுப் போயிற்று. யாழும் ஊர்தியும் இன்றி, காதலியுடன் காட்டில் நின்றான் உதயணன்.