வீட்டுக்குள் ஒரு சர்வர்: வசதியும் பொறுப்பும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சுவர்ணமுகி ஆற்றையொட்டி அமைந்த சிற்றூர் நகரம் நாயுடுபேட்டை. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. இத்தகைய ஊர்களின் இல்லங்களுக்கும் இணையத்தைக் கொண்டு செல்லும் நோக்குடன், ஆந்திர அரசு 2015இல் ஃபைபர்நெட் நிறுவனத்தை ஏற்படுத்தியது. நிலத்தைத் தோண்டாமல், மின்கம்பங்களின் மீதே கண்ணாடியிழைக் கம்பிகள் இழுக்கப்பட்டதால் செலவு வெகுவாகக் குறைந்தது. 2017 டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது, இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றும் சேர்ந்து மாதம் 149 ரூபாய்க்கு அளிக்கப்பட்டன.

இணைப்பு வந்த வீட்டில் சிறு சர்வர் ஒன்றை அமைத்துக் கொள்வது இன்று அரிதன்று. நெல் வணிகர் ஒருவர் தம் கணக்கேடுகளையும், மாணவர் ஒருவர் தம் பாடக் கோப்புகளையும் பழைய கணினி ஒன்றில் சேமித்து, வீட்டிலுள்ள அனைவரும் பயன்படுத்துமாறு செய்யலாம். ஆனால் சேமிப்பு ஓரிடத்தில் குவியும்போது, இழப்பின் அபாயமும் அங்கேயே குவிகிறது.

2017 கற்பித்த பாடம்

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் இதற்கு இலக்காயின. இங்கு கருதத்தக்கது ஒன்றுண்டு. தீநிரல் பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மருந்து இருந்தும் இரண்டு மாதங்கள் உட்கொள்ளாதோரே பெரிதும் துன்புற்றனர். கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் எண் வாயில் திறந்திருந்த கணினிகளை நாடியே அது பரவியது.

செய்ய வேண்டுவன

முதலாவது, ரூட்டர். தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல் வேண்டும். அதன் மென்பொருளைப் புதுப்பித்து, வெளியிலிருந்து அதனை நிர்வகிக்கும் வசதியை முடக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, பிரித்து வைத்தல். கண்காணிப்புக் கேமரா, தொலைக்காட்சிப் பெட்டி, விருந்தினரின் கைப்பேசி ஆகியவற்றை விருந்தினர் இணைப்பில் சேர்த்து, சர்வரை வேறாக வைப்பது நலம்.

மூன்றாவது, வாயில்கள். 192.168 எனத் தொடங்கும் வீட்டு முகவரிகளை வெளியுலகம் நேரே அணுக இயலாது. ரூட்டரில் நாமே வாயிலைத் திறந்துவிடும்போது இந்தக் காப்பு நீங்குகிறது. வெளியூரிலிருந்து கோப்புகளைக் காண வேண்டுமாயின், வயர்கார்ட் போன்ற மறையாக்கச் சுரங்கவழியே உள்ளே வருவது தக்கது. நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அந்நிலையில் வெளியிலிருந்து வீட்டுச் சர்வரை அடைய இயலாமற் போகலாம் என்பதையும் முன்பே கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, காப்பு நகல். மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது நெடுநாளைய நெறி. எப்போதும் சர்வருடன் இணைந்திருக்கும் நகலையும் தீநிரல் பூட்டிவிடக்கூடும். ஆதலால் ஒன்றையேனும் கழற்றி வைத்தல் இன்றியமையாதது. நகலிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தலும் வேண்டும்.

ஒருவரின் கவனக்குறைவு, பலரின் இழப்பு

'என் வீட்டில் திருட என்ன இருக்கிறது?' என்று கேட்போர் உண்டு. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டின் நிறுவனம் தாக்கப்பட்டு, புகழ்பெற்ற இணையத் தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. தாக்குதலுக்குக் கருவியானவை, தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத சாதாரண வீட்டுக் கேமராக்களும் ரூட்டர்களுமே. அவற்றின் உரிமையாளர்கள் எதையும் இழந்ததாக உணரவில்லை; இழப்பு பிறர் தலையில் விழுந்தது. இதனைப் பொருளியலார் புறவிளைவு என்பர். தன் செலவைத் தானே ஏற்காத இடத்தில், கவனம் தேவைக்குக் குறைவாகவே செலுத்தப்படும்.

நம் முன்னோர் இதனை ஏரிப் பாசனத்தில் அறிந்திருந்தனர். கரையில் ஓரிடம் உடைந்தால் ஊர் வயல் முழுதும் பாழாகும் என்பதாலேயே குடிமராமத்து என்னும் பொதுக்கடமை நிலவியது. அரசின் பங்காக, 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 2017இல் சைபர் ஸ்வச்சதா மையம் தொடங்கப்பட்டது. 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணைப்படி, அலுவலகங்களும் நிறுவனங்களும் குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். இணையவழிப் பண மோசடிக்கு ஆளானோர் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம்.

எனினும், கரையில் தன் பங்கு மண்ணை இடுவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். கம்பி இழுப்பது அரசின் முதலீடு. கடவுச்சொல்லை மாற்றுவது குடிமகனின் முதலீடு. இரண்டாவதற்குச் செலவு சில நிமிடங்களே. அது செய்யப்படாவிடில் முதலாவதன் பயன் முழுமை பெறாது.