‘காசு போட்டாச்சு’ என்பதற்கு அத்தாட்சி என்ன?

புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கும் ஊர்ச் சில்லறைக் கடைக்காரருக்கும் இன்று பழகிப்போன காட்சி இது. வாங்குபவர் வங்கியில் காசு போட்டதாகச் சொல்லி, வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன் ஷொட் அனுப்புகிறார். அதை நம்பிப் பொருளை ஏற்றிவிடலாமா? ஏற்றிய பின் காசு வராவிட்டால் எதை வைத்து வழக்குப் பேசுவது?

இந்தக் கேள்விக்கு மிகக் கடுமையாக முகங்கொடுத்தவர்கள், இடைத்தரகரின்றி பிட்கொயின் கைமாற்றுபவர்களே. அவர்கள் தேடிய விடை நமக்கும் பாடமாகும்.

‘பிஸ்க்’ என்ற மென்பொருளை உதாரணமாக எடுப்போம். இதில் விற்பவர் தனது பிட்கொயினைப் பூட்டி வைக்கிறார். இரு தரப்பும் பிணைப்பணமும் வைக்கின்றனர். வாங்குபவர் வங்கி மூலம் காசு அனுப்புவார். காசு கிடைத்ததென விற்பவர் உறுதிப்படுத்தினால் பூட்டுத் திறக்கும். ஒருவர் “அனுப்பிவிட்டேன்” என்றும் மற்றவர் “வரவில்லை” என்றும் சொன்னால் விடயம் மத்தியஸ்தரிடம் போகும். அவருக்கோ இருவரையும் தெரியாது. வங்கியும் அவருக்குத் தகவல் தராது.

படத்தை நம்பலாமா? கூடாது. இணைய உலாவியில் திறந்துள்ள வங்கிப் பக்கத்தின் பெயரையும் தொகையையும் சில வினாடிகளில் மாற்றிப் படமெடுக்கலாம். அதற்குத் தனி மென்பொருள்கூடத் தேவையில்லை. அச்சிட்ட பிரதியும் இவ்வாறே.

வங்கித் தளங்கள் டி.எல்.எஸ். என்னும் பாதுகாப்பு முறையில்தானே இயங்குகின்றன, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த முறையில் வங்கியும் வாடிக்கையாளரின் கணினியும் ஒரே இரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே முத்திரை இருவர் கையிலும் இருந்தால், கடிதத்தில் குத்தியது யாரென மூன்றாமவர் எப்படி அறிவார்?

இதற்குத் தீர்வாக 2013 இல் உருவானதே ‘டி.எல்.எஸ். நோட்டரி’. காணி உறுதி முடிக்கும் நமது நொத்தாரிசை நினைத்துக்கொள்ளுங்கள். இரகசியச் சாவியின் ஒரு பாதி வாடிக்கையாளரிடமும் மறு பாதி நோட்டரிக் கணினியிடமும் இருக்கும். வங்கி அனுப்பிய பக்கம் இதுவே என வாடிக்கையாளர் முதலில் கட்டுப்பட வேண்டும். அதன் பிறகே மறு பாதி அவர் கைக்கு வரும். எனவே பின்னர் எதையும் மாற்ற முடியாது. நோட்டரியோ கடவுச்சொல்லையும் பார்ப்பதில்லை, கணக்கு மீதியையும் பார்ப்பதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. அந்த நேரத்தில் வங்கிப் பக்கம் என்ன காட்டியது என்பதை மட்டுமே இது நிரூபிக்கும். காசு மறு கணக்கில் சேர்ந்ததா, பின்னர் மீளப் பெறப்பட்டதா என்பதைச் சொல்லாது. ஆகவே “வரவில்லை” என்பவரும் அந்த நாட்களுக்குரிய தனது கணக்கு விபரத்தை இவ்வாறே காட்ட வேண்டியிருக்கும்.

நமது வியாபாரத்துக்கு இதில் உள்ள பாடங்கள்:

1. அனுப்பியவரின் சீட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்பலாம்.

2. கொடுக்கல் வாங்கல் இலக்கம், திகதி, தொகை, அனுப்பியவர் பெயர் ஆகிய நான்கையும் பதிந்து வையுங்கள்.

3. பேரம் பேசியவர் ஒருவர், காசு அனுப்பியவர் இன்னொருவர் என்றால் நிறுத்தி விசாரியுங்கள். திருட்டுப் பணமாயின் உங்கள் கணக்கே முடக்கப்படலாம்.

4. தகராறு வந்தால் வங்கிக் கிளையின் முத்திரையுடன் கணக்குக் கூற்றைப் பெறுங்கள்.

5. கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியீட்டையோ மத்தியஸ்தருக்கும் கொடுக்க வேண்டாம். அதைக் கேட்பவர் மத்தியஸ்தரே அல்ல.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கிரிப்டோ நாணயங்களின் ஆபத்துப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்துள்ளது. எனவே இக்கட்டுரை அவ்வியாபாரத்துக்கான அழைப்பு அல்ல. ஆனால் அங்கே கற்ற பாடம் எல்லாக் கடைக்கும் பொருந்தும்: சீட்டு அனுப்பியவரின் பேச்சு; உங்கள் கணக்கில் விழுந்த வரவே அத்தாட்சி.