மலை ஏறும் முன் ஒரு முடிவு

தம்பி தங்கைகளே, "அடுத்த லீவுக்குக் கினாபாலு போலாமா?" என்றால் உடனே எல்லாரும் கை தூக்குவோம். சரி, திட்டம் போடுவோம்.

1. தங்குமிடம்: சபாவிலுள்ள அம்மலையின் உயரம் 4,095 மீட்டர். வழியில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. சுமார் 3,270 மீட்டர் உயரத்தில், பானாலாபான் விடுதிகளில்தான் இரவு தங்கவேண்டும். படுக்கை, பெர்மிட், வழிகாட்டி மூன்றையும் பல மாதம் முன்பே பதிந்துவிடுங்கள்.

2. குளிர்: ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். கடற்கரையில் 30 என்றால் உச்சியில் 6தான். விடியற்காலையில் இன்னும் குறையும். கம்பளித் தொப்பி, கையுறை, மழைச்சட்டை கட்டாயம்.

3. உடல்நிலை: 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம், நல்லா பந்து விளையாடுறவனுக்கும் வரும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் வழிகாட்டியிடம் சொல்லி உடனே இறங்கவேண்டும்.

அப்போ அவனோடு யார் இறங்குவாங்க? உச்சிக்குப் பக்கத்தில் போய்க் கேட்டால் எல்லாரும் தரையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே புறப்படும் முன்பே இருவர் இருவராகப் பெயர் எழுதுங்கள். ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்கவேண்டும். தொண்டு என்று நாம் பேசுவது இதைத்தான்.

சிந்திக்க: நண்பனுக்காக உச்சியை விட்டுத்தர நீங்க தயாரா?