விரிசல் விட்ட மீன் தொட்டி: கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

சென்னை அயனாவரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கொளத்தூரில் அளவு சொல்லி மூன்றடி மீன் தொட்டி ஒன்று செய்து வாங்கியிருக்கிறார். நாலாவது மாதம் முன்பக்கக் கண்ணாடியில் குறுக்காக விரிசல். கடை ஆள் வந்து, 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, விரிசல்மேல் சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். பத்தே நாளில் கண்ணாடி பிளந்தது. மீன்கள் செத்தன, கீழ்வீட்டு சீலிங் ஊறிப்போனது. “கண்ணாடிக்கு கேரண்டி இல்லைன்னு பில்லுலேயே போட்டிருக்கே சார்” என்கிறது கடை. கீழ்வீட்டுக்காரர் பெயின்ட் செலவைக் கேட்கிறார். வழக்குப் போடலாமா? உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தூக்கிப் போடக் கூடாது. அந்தச் சில்லுகள்தான் அவருடைய சாட்சி. சிலிக்கான் ஒட்டிய துண்டு, தொட்டி இருந்த ஸ்டாண்ட், அடியில் போட்ட தெர்மோகோல், கீழ்வீட்டு சீலிங் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்துவைக்க வேண்டும்.

கண்ணாடி ஏன் உடைந்தது என்று நிரூபிப்பது அவ்வளவு லேசான காரியம் அல்ல. பெர்லினில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் இருந்த ‘அக்வாடோம்’ என்ற ராட்சத அக்ரிலிக் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், 1,500 மீன்கள். உடைந்த துண்டுகளை மாதக்கணக்கில் ஆராய்ந்த நிபுணரால்கூட ஒரே காரணத்தை அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒட்டு விட்டுப்போயிருக்கலாம், பராமரிப்பு வேலையின்போது கீறல் விழுந்திருக்கலாம், நீரில்லாமல் கிடந்தபோது அக்ரிலிக் காய்ந்திருக்கலாம் என்று மூன்று வாய்ப்புகளோடு அறிக்கை முடிந்தது.

ஆகவே, “தொட்டியே குறையுள்ளது” என்று மட்டும் வழக்குப் போட்டால், “ஸ்டாண்ட் மட்டமில்லை, வீட்டில் யாரோ இடித்துவிட்டார்கள்” என்று கடை சொல்லும். அதை மறுப்பது கஷ்டம். வாசகரின் கை ஓங்கியிருப்பது வேறொரு இடத்தில்: அந்த 800 ரூபாய் ரிப்பேர்.

சிலிக்கான் என்பது கண்ணாடிப் பலகைகளை விளிம்போடு விளிம்பு இணைக்கும் பசை. மூலையில் கசிந்தால் பழைய பசையைப் பிளேடால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். பலகையே விரிந்திருந்தால் பலகையை மாற்றத்தான் வேண்டும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் மூன்றடித் தொட்டி கொள்ளும் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 190 கிலோ. அந்த அழுத்தத்தை விரிசல்மேல் பூசிய பசை தாங்காது என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(11)ஆம் பிரிவு ‘சேவைக் குறைபாடு’ என்று சொல்வதற்குள் இது அடங்கும். அவர்கள் காசு வாங்கியதும் ஒருவகையில் நல்லதாயிற்று. இலவசமாகச் செய்யும் வேலை இந்தச் சட்டப்படி ‘சேவை’ ஆகாது. பில் தராமல் போயிருந்தால், போனில் பணம் அனுப்பிய பதிவை எடுத்துவைக்கலாம்.

‘கேரண்டி இல்லை’ என்ற வரி? விற்பனை பில்லில் அச்சடித்த அந்த ஒரு வரி, பிறகு காசு வாங்கிக்கொண்டு செய்த மோசமான வேலைக்குக் கவசமாகாது.

செத்த மீன்களுக்கும் நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் வாங்கிய ரசீது வேண்டும். இன்னொன்று: வாசகர் தானே எம்-சீல் வாங்கி அப்பியிருந்தால் கதை மாறியிருக்கும். பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்பனையாளர்மீது ‘பொருள் பொறுப்பு’ வழக்கு, அதாவது பொருளின் குறையால் வந்த சேதத்துக்கான வழக்கு, நிற்காது என்கிறது அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு.

முதலில் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாசகர் குடியிருக்கும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே மனுப் போடலாம். பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு.

இனி கீழ்வீட்டுக்காரர். தேக்கிவைத்த தண்ணீர் பக்கத்து இடத்தில் புகுந்தால் தேக்கியவரே பொறுப்பு என்பது 1868இல் இங்கிலாந்தின் ‘ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர்’ வழக்கில் உறுதியான விதி. ஆனால் 1913இல் ‘ரிக்கார்ட்ஸ் எதிர் லோதியன்’ வழக்கில், யாரோ விஷமத்துக்கு வடிகாலை அடைத்து மாடிக் குழாயைத் திறந்துவிட்டதால் வந்த சேதத்துக்கு அந்த விதி செல்லாது என்றது பிரிவி கவுன்சில். கட்டடத்தில் தண்ணீர் வைத்திருப்பது சாதாரணப் புழக்கம் என்பது ஒரு காரணம். வீட்டு மீன் தொட்டிக்கும் அதே வாதத்தை வைக்கலாம். அப்போது கீழ்வீட்டுக்காரர் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டியிருக்கும். வாசகருக்குச் சிக்கலும் அங்கேதான். விரிசல் தெரிந்த பிறகும் தொட்டியில் முழுத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார். கோர்ட் வரை இழுக்காமல் பெயின்டர் கூலியைக் கொடுத்து, கீழ்வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கி, அந்தத் தொகையையும் கடைக்கு அனுப்பும் நோட்டீஸில் சேர்த்துவிடுவதே அவருக்கு உத்தமம்.