ஊர்ப்பணம் ஒரு பங்கு, அரசுப்பணம் இரு பங்கு

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. ஊரில் கொஞ்சம் பணம் திரட்ட முடியும். மீதியை அரசு தருமா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தரும். 'நமக்கு நாமே' திட்டம் இதற்காகவே இருக்கிறது. 1997-98இல் தொடங்கியது, 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021இல் பழைய பெயரோடு திரும்ப வந்தது.

கணக்கு எளிது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. சுவருக்கு 9 லட்சம் ஆகுமென்றால் நீங்கள் 3 லட்சம் கட்டவேண்டும். 6 லட்சம் அரசு தரும். ஒருவரே கொடுக்கலாம், ஊரே சேர்ந்தும் கொடுக்கலாம்.

முதலில் பி.டி.ஓ. அலுவலகம் போங்கள். ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு போடட்டும். அந்தத் தொகை தெரியாமல் வசூலில் இறங்காதீர்கள். பாதியில் பணம் போதாமல் போனால் ஊரில் மனக்கசப்புதான் மிஞ்சும். நிர்வாக அனுமதி தருபவர் கலெக்டர்.

கிராம சபையிலும் தீர்மானம் போட்டுவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. வசூலுக்கு ரசீது கொடுங்கள். வரவு செலவை அதே சபையில் வாசியுங்கள்.

காசு போட்டவர் சும்மா இருக்கமாட்டார். சிமெண்ட் கலவையில் மணல் கூடினால் தட்டிக் கேட்பார். இந்தத் திட்டத்தின் உண்மையான பலம் அதுதான். தயங்காமல் தொடங்குங்கள்.